தீவு யாருக்குச் சொந்த ஊர்?

விமானம் விழுந்து தீவில் சிக்கியவர்கள் உண்மையில் அந்தத் தீவுக்கே உரியவர்களா? 'லாஸ்ட்' தொடரின் ரசிகர்கள் ஆறு ஆண்டுகள் மல்லுக்கட்டிய கேள்வி இது. மணிமேகலை எழுதிய சாத்தனார் இதே கேள்வியை மூன்று பேரை வைத்துக் கேட்டிருக்கிறார். அவர் வைத்த சோதனையை இன்றைக்குப் பொருத்திப் பார்த்தால், விடை தொலைக்காட்சிப் பெட்டியோடு நிற்பதில்லை; வால்பாறை வரைக்கும் வருகிறது.

"நீங்க எந்தூருங்க?"

சூலூரில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் பேர் கேட்பதற்கு முன்பே இந்தக் கேள்வி வந்துவிடும். திருச்சி ரோட்டின் மேல், நொய்யல் தண்ணீர் நிரப்பும் குளங்களை ஒட்டிய ஊர். சுற்றிலும் நூற்பாலைகள், விசைத்தறிகள். பக்கத்திலேயே விமானப்படைத் தளம். எங்கோ வடக்கே பிறந்து விமானப்படை வேலையில் வந்தவர்களும், மில் வேலைக்கு ரயிலேறி வந்தவர்களும், தலைமுறை தலைமுறையாக இங்கேயே தோட்டங்காடு வைத்திருப்பவர்களும் ஒரே டீக்கடையில் நிற்கிற இடம். வந்தவர் எப்போது உள்ளூர்க்காரர் ஆகிறார் என்பது இங்கே தினமும் நடக்கிற வழக்கு.

கடலுக்கும் இந்த ஊருக்கும் எட்டாத தூரம். ஆனாலும் சூலூருக்கு ஒரு கப்பல் பெயர் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் இங்கிருந்த விமானத் தளத்தைப் பிரிட்டிஷ் கடற்படை வைத்திருந்தது. கரையில் இருக்கும் தளங்களுக்கும் கப்பலைப் போலவே பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். சூலூர்த் தளத்துக்கு 'ஹெச்.எம்.எஸ். வைரி' என்று வைத்தார்கள். கடலே இல்லாத ஊரில் கரை தட்டி நின்ற அந்தக் கப்பலை முன்னிட்டாவது, தீவுக் கதை பேச நமக்கும் உரிமை உண்டு.

சாக்கட்டியால் எழுதிய பெயர்கள்

'லாஸ்ட்' அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் 2004 செப்டம்பர் 22 அன்று தொடங்கி, 2010 மே 23 அன்று முடிந்தது. சிட்னியிலிருந்து லாஸ் ஏஞ்சலீஸுக்குப் புறப்பட்ட ஓஷியானிக் 815 என்ற விமானம் நடுவானில் உடைந்து ஒரு தீவில் விழுகிறது. பிழைத்தவர்களில் ஒரு மருத்துவர், ஒரு பாடகர், ஒரு மோசடிக்காரர், ஓர் ஈராக்கிய ராணுவ வீரர் எல்லாரும் இருக்கிறார்கள். ஈராக்கியர் சயீத்தாக நடித்த நவீன் ஆண்ட்ரூஸ், மலையாளக் குடும்பத்துக்கு லண்டனில் பிறந்தவர். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பார்த்தால் நமக்குப் பக்கத்து வீட்டுப் பையன்.

முதல் சில வாரங்களிலேயே ரசிகர்கள் மோப்பம் பிடித்துவிட்டார்கள். ஜான் லாக் என்ற நடுவயதுக்காரர் சக்கர நாற்காலியில் விமானம் ஏறியவர். விழுந்த மறுகணம் எழுந்து நடக்கிறார். ரோஸ் என்ற பெண்மணிக்குப் புற்றுநோய் என்பது பிறகு தெரிகிறது. தீவில் அது அடங்கிவிட்டதை அவரே உணர்கிறார். அப்படியென்றால் இது விபத்தா, அழைப்பா?

இதிலிருந்து இரண்டு பெரிய கட்சிகள் பிறந்தன. 'எல்லாரும் செத்துவிட்டார்கள், இது சொர்க்கத்துக்கும் நரகத்துக்கும் நடுவே இருக்கும் இடம்' என்றது ஒரு கட்சி. தொடரை நடத்திய டேமன் லிண்டலாஃபும் கார்ல்டன் கியூஸும் இதைத் தொடக்கத்திலேயே மறுத்தார்கள், கட்சி கலையவில்லை. இன்னொரு கட்சிதான் நமக்கு முக்கியம். 'இவர்கள் தீவில் சிக்கவில்லை. தீவுதான் இவர்களுடைய இடம். வெளியுலகத்தில் இருந்த வரைக்கும்தான் தொலைந்து போயிருந்தார்கள்' என்பது அதன் வாதம்.

தொடர் பெரும்பாலும் இரண்டாவது கட்சியின் பக்கமே சாய்ந்தது. மூன்றாம் பருவத்தின் முடிவில், தப்பி ஊர் திரும்பிய மருத்துவர் ஜாக், தாடியும் போதையுமாக, மறுபடி தீவுக்கே போக வேண்டும் என்று கெஞ்சுகிறார். போகவும் செய்கிறார்கள், இம்முறை அஜிரா என்று இந்தியச் சாயலில் பெயர் வைத்த ஒரு கற்பனை விமான நிறுவனத்தில். ஆறாம் பருவத்தில் ஒரு குகைச் சுவரில் அவர்கள் பெயரெல்லாம் சாக்கட்டியால் எழுதி, எண் போட்டு வைத்திருப்பது தெரிகிறது. தீவின் காவலனான ஜேக்கப் தன் இடத்துக்கு ஆள் தேடி எழுதிய பட்டியல் அது. எல்லாரும் தனியாய், எதையோ இழந்தவர்களாய் இருந்ததால்தான் தேர்ந்தெடுத்ததாகச் சொல்கிறான்.

அந்தப் பட்டியலில் கேட் என்ற பெண்ணின் பெயர் அடிக்கப்பட்டிருந்தது. காரணம் கேட்கிறாள். 'நீ ஒரு குழந்தைக்குத் தாயாகிவிட்டாய்' என்பதுதான் ஜேக்கப்பின் பதில். இந்தப் பதிலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேலை இருக்கிறது.

படகு வந்தால் தொடர் முடிந்தது

தீவுக்கு உரியவர்கள் என்ற நம்பிக்கை ரசிகர்களுக்கு ஏன் இத்தனை இனிக்கிறது? தத்துவம் இருக்கட்டும். முதல் காரணம் தொழில் சார்ந்தது. மீட்புப் படகு வந்தால் தொடர் முடிந்துவிடும்.

1964 முதல் 1967 வரை ஓடிய 'கில்லிகன்ஸ் ஐலண்ட்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரில் இதைப் பச்சையாகப் பார்க்கலாம். மூன்று மணி நேர உல்லாசப் பயணம் கிளம்பிய ஏழு பேர் தீவில் சிக்கிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு வாரமும் தப்பிக்க வழி கிடைக்கும். ஒவ்வொரு வாரமும் அது கெட்டுப்போகும். 'பாவம், அவர்களைப் போய்க் காப்பாற்றுங்கள்' என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படைக்கே தந்தி அடித்தவர்கள் உண்டு என்று தொடரை உருவாக்கிய ஷெர்வுட் ஷ்வார்ட்ஸ் சொல்லியிருக்கிறார். 1978இல் ஒரு தொலைக்காட்சிப் படத்தில் அவர்களை மீட்டே விட்டார்கள். என்ன ஆயிற்று? ஊருக்கு வந்தவர்களுக்கு ஊர் ஒட்டவில்லை. பழைய ஞாபகத்தில் ஏழு பேரும் சேர்ந்து மறுபடி கப்பல் ஏறுகிறார்கள். அதே தீவில் கரை ஒதுங்குகிறார்கள்.

காப்பாற்றச் சொல்லித் தந்தி அடித்த அதே ரசிகர்தான், அவர்கள் காப்பாற்றப்படாமல் இருக்கவும் வாராவாரம் உட்கார்ந்து பார்த்தார். பிடித்தவர்கள் பெட்டியை விட்டுப் போகக் கூடாது என்ற நம் ஆசைக்கு 'அவர்கள் அங்கேதான் சேர்ந்தவர்கள்' என்று பெயர் வைத்துக்கொள்கிறோம்.

தமிழுக்கும் இந்தப் பழக்கம் புதிதல்ல. 1990களின் பிற்பகுதியில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய 'மர்மதேசம்' சன் டிவியில் வந்தபோது, 'விடாது கருப்பு' பகுதியில் கருப்பு யார் என்று ஊர் ஊராகப் பந்தயம் நடந்தது. ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் இடையில் இருக்கும் நாட்களை அன்றைய ரசிகர் ஊகத்தால்தான் நிரப்பினார். 2021 செப்டம்பரில் ஜீ தமிழில் அர்ஜுன் நடத்திய 'சர்வைவர்' நிகழ்ச்சி, சான்சிபார் தீவில் ஆட்களை இறக்கிவிட்டுப் பசியைக் காட்டியது. அங்கே கணக்கு தலைகீழ்: தீவில் கடைசி வரை தாக்குப்பிடித்தவருக்கு ஒரு கோடி ரூபாய், ஊருக்குத் திரும்பும் மரியாதை. விஜயலட்சுமி வென்று ஊர் வந்தார். யாரும் அவரைத் தீவுக்கு உரியவர் என்று சொல்லவில்லை. பரிசுத் தொகை இருக்கும் இடத்தில் விதிக்கு வேலை இல்லை.

தகவல் வராத வீடு

ஊகத்துக்கு இன்னொரு ஊற்று இருக்கிறது. அதைப் பேசும்போது சூலூரில் சிரிப்பு நின்றுவிடும்.

2016 ஜூலை 22 காலை, தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் கிளம்பிய விமானப்படையின் ஏ.என்.-32 விமானம் வங்கக் கடல் மேல் மறைந்தது. சூலூரைத் தளமாகக் கொண்ட 33ஆம் படைப்பிரிவின் விமானம் அது. தீவுக்குப் போன விமானம். கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடியும் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. ஏழரை ஆண்டு கழித்து, 2024 ஜனவரியில்தான், தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி எடுத்த படங்களில் சிதைவுகள் தெரிந்ததாகப் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர். ஆழம் சுமார் 3,400 மீட்டர்.

அந்த ஏழரை ஆண்டில் அந்த வீடுகள் எதை நினைத்து நாளைத் தள்ளியிருக்கும் என்று எழுத நமக்கு அருகதை இல்லை. ஒன்று மட்டும் தெரியும்: கண்ணால் பார்த்தால் ஒழிய மனசு ஒப்புக்கொள்ளாது. எங்கோ ஒரு கரை இருக்கும், எங்கோ ஒரு தீவு இருக்கும் என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது. தொலைக்காட்சித் தொடர்கள் விளையாடுவது இந்த எண்ணத்தோடுதான்.

சாத்தனாருக்கு இது தெரிந்திருந்தது. அவருடைய ஆதிரைக்குக் கணவன் சாதுவன் கடலில் செத்தான் என்று தப்பி வந்தவர்கள் சேதி சொல்கிறார்கள். தீ வளர்த்து இறங்குகிறாள். தீ அவளைச் சுடவில்லை. சாதுவன் உயிரோடிருக்கிறான், நாகர் நாட்டுக் கரையில் ஒதுங்கியிருக்கிறான் என்று வானிலிருந்து ஒரு குரல் சொல்கிறது. உலகத்துத் தீவுக் கதைகளில் பெரும்பாலானவை கரை ஒதுங்கியவனையே சுற்றும். சாத்தனார் காத்திருக்கிறவளிடமும் போகிறார்.

கரை ஒதுங்கிய மூவர்

மணிமேகலைக் காப்பியத்தில் தீவிலோ அயல் கரையிலோ தனித்து விடப்படுகிறவர்கள் மூன்று பேர். மூன்று பேருக்கும் விடை வேறு.

சாதுவன் பொருளைக் கணிகையிடமும் சூதாட்டத்திலும் தொலைத்துவிட்டுக் கப்பல் ஏறியவன். கப்பல் உடைய, பாய்மரத்துண்டைப் பற்றிக்கொண்டு நாகர் மலைப்பக்கம் ஒதுங்குகிறான். அங்கே இருப்பவர்கள் கரை ஒதுங்கியவர்களைக் கொல்பவர்கள். இவனுக்கு அவர்கள் மொழி தெரியும், அதனால் பிழைக்கிறான். தலைவன் பெண்ணும் கள்ளும் ஊனும் தருகிறேன் என்கிறான். சாதுவன் மறுத்து, அறம் பேசுகிறான். அதிலும் அடாவடி இல்லை. மூப்படைந்து தானே செத்த விலங்கை உண்ணுங்கள், மற்றதைக் கொல்லாதீர்கள். உடைந்த கப்பலில் வருபவர்களின் உயிரைக் காப்பாற்றுங்கள் என்று அவர்களால் ஆகக்கூடியதைக் கேட்கிறான். தலைவனும் ஒப்புகிறான். பிறகு சந்திரதத்தன் என்ற வணிகனின் கப்பலில் ஊர் திரும்புகிறான்.

இரண்டாமவள் மணிமேகலை. உறங்கிக்கொண்டிருந்தவளைத் தெய்வம் தூக்கிப் போய் மணிபல்லவத் தீவில் கிடத்துகிறது. யாழ்ப்பாணத்தை ஒட்டிய நயினாதீவுதான் அது என்று பலர் கருதுகிறார்கள். மணலில் கண் விழித்து, தனிமையில் அழுது, புத்த பீடிகையைக் காண்கிறாள். கண்டதும் முற்பிறப்பு தெரிகிறது: அவள் இலக்குமி, கணவன் இராகுலன். எந்த ரசிகரும் இதைவிடப் பெரிய 'தீவு அழைத்தது' திருப்பத்தைக் கேட்க முடியாது. ஆனால் சாத்தனார் அவளை அங்கே நிறுத்தவில்லை. கையில் அமுதசுரபி என்ற பாத்திரத்தைக் கொடுத்து, அவள் ஊரான புகாருக்கே திருப்பி அனுப்புகிறார். பசித்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

அந்தப் பாத்திரம் தீவுக்கு எப்படி வந்தது என்பதில்தான் மூன்றாமவன் கதை. ஆபுத்திரன் மதுரையில் பிச்சை எடுத்து எளியவர்க்கு ஊட்டியவன். சிந்தாதேவி கொடுத்த அமுதசுரபி அவன் கையில். அவன் மேல் சினந்த இந்திரன் பாண்டிய நாட்டில் மழையைக் கொட்டச் செய்கிறான். நாடு விளைகிறது, உண்ண ஆளில்லை. சாவக நாட்டில் பஞ்சம் என்று கேட்டுக் கப்பல் ஏறுகிறான். வழியில் கப்பல் மணிபல்லவத்தில் நிற்க, இவன் இறங்குகிறான். ஏறிவிட்டான் என்று எண்ணிக் கப்பல் போய்விடுகிறது. எத்தனை ஆயிரம் பேருக்கும் சோறு போடக்கூடிய பாத்திரம் கையில். கேட்க ஓர் ஆள் இல்லை. தன் வயிற்றுக்கு மட்டும் அதிலிருந்து உண்ண அவனுக்கு மனம் வரவில்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் உயிர் விடுகிறான்.

அடுத்த பிறவியில் அவன் சாவகத்து அரசன். மணிமேகலை சொல்லி மணிபல்லவம் வந்து, மணலுக்கடியில் கிடக்கும் தன்னுடைய பழைய எலும்பையே தோண்டிப் பார்க்கிறான். அவனை விட்டுப் போனதற்கு வருந்தித் திரும்பி வந்து, அவன் இறந்தது அறிந்து தாங்களும் உயிர்விட்ட ஒன்பது செட்டிகளின் எலும்பும் பக்கத்திலேயே கிடக்கிறது. தன் எலும்பு புதைந்த மண்ணைவிட ஒருவனுக்குச் சொந்தமான இடம் எது? அப்படியிருந்தும் அவன் அங்கே தங்கவில்லை, நாட்டுக்குத் திரும்புகிறான்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் சாத்தனாரின் சோதனை தெரிகிறது. தீவு உன்னைக் கூப்பிட்டதா என்று அவர் கேட்பதில்லை. உன் முற்பிறப்பு அங்கே இருக்கிறதா என்பதும் போதாது. அங்கே உன் கையால் பசியாறுகிறவர் யார்? அந்த ஆள் இருக்கும் இடம்தான் உன் ஊர். அமுதசுரபியில் மணிமேகலை வாங்கிய முதல் பிச்சை யார் இட்டது? ஆதிரை. ஒருவன் தீவில் விட்டுப்போன பாத்திரத்தை, இன்னொருவன் அயல் கரையிலிருந்து திரும்பி வந்த வீட்டுப் பெண் நிரப்புகிறாள்.

ஹர்லியின் கையில் பாத்திரம்

இந்தச் சோதனையோடு 'லாஸ்ட்' தொடருக்குத் திரும்புவோம். இது தமிழ் வாசகர் ஒருவரின் ஊகம், அவ்வளவுதான்.

தீவின் காவலராகக் கடைசியில் யார் மிஞ்சுகிறார்? வீரம் காட்டிய ஜாக் இல்லை. அவர் சில மணி நேரம் பொறுப்பில் இருந்து உயிர் விடுகிறார். தீவை நம்பியே வாழ்ந்த லாக் எப்போதோ கொல்லப்பட்டுவிட்டார். மிஞ்சுகிறவர் ஹர்லி, எல்லாரும் கேலி பேசிய, குண்டான, லாட்டரியில் கோடி அடித்தும் நிம்மதி இல்லாத இளைஞர். முதல் இரவு விமானச் சாப்பாட்டைப் பங்கிட்டுக் கொடுத்தது அவர். இரண்டாம் பருவத்தில் பதுங்கறையில் உணவுக் கிடங்கு கிடைத்தபோது, பொறுப்பு அவர் தலையில் விழுகிறது. யாருக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் எல்லாருக்கும் பகையாவோம் என்று தவிக்கிறார். கடைசியில் அத்தனையையும் எல்லாருக்கும் கொடுத்துத் தீர்க்கிறார். தொடர் முடிவில், காவலர் வேலையை எப்படிச் செய்வது என்று அவர் திகைக்கும்போது, உனக்கு நன்றாக வரும் வேலை மனிதர்களைப் பார்த்துக்கொள்வதுதானே, அதைச் செய் என்கிறார் தீவில் உடனிருக்கும் பென்.

கேட் பெயர் ஏன் அடிக்கப்பட்டது என்பதும் இப்போது விளங்கும். அவள் கையை எதிர்பார்க்கும் ஒரு குழந்தை வெளியே இருக்கிறது. அவள் ஊர் அது. குகைச் சுவரில் எழுதியவன் சாத்தனாரைப் படித்திருக்க வாய்ப்பில்லை. கணக்கு மட்டும் ஒன்றாக இருக்கிறது.

சோதனை எதிர்ப்பக்கமும் வெட்டும். 1858இல் அந்தமான் கைதிக் குடியேற்றத்திலிருந்து தப்பியோடிய துத்நாத் திவாரி என்ற சிப்பாயைப் பாருங்கள். கூட வந்தவர்கள் அந்தமான் பழங்குடியினரின் அம்புக்கு இரையாக, காயத்தோடு பிழைத்த இவரை அவர்களே சேர்த்துக்கொண்டார்கள். ஓராண்டுக்கு மேல் அவர்களோடு இருந்து, அவர்கள் பெண்களையே மணந்தார். எந்தத் தொடரும் இவரைத் 'தீவுக்கு உரியவர்' என்று கொண்டாடியிருக்கும். 1859 மே மாதம் குடியேற்றத்தைத் தாக்கப் பழங்குடியினர் கிளம்பியபோது, முன்னே ஓடி வந்து பிரிட்டிஷாரிடம் சொல்லிவிட்டார். அபர்தீன் சண்டையில் அவர்கள் மாண்டார்கள். இவருக்கு மன்னிப்புக் கிடைத்தது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவனுக்கு எந்தத் தீவும் சொந்தமாகாது.

வால்பாறையில் இருக்கும் தீவுக்காரர்கள்

இதுவரை பேசியது கதை. இதே கேள்வியை அரசாங்கங்கள் உயிருள்ள மனிதர்கள் மீது கேட்டிருக்கின்றன.

கோவை மாவட்டத்து வால்பாறையிலும், மேட்டுப்பாளையம் தாண்டி ஏறினால் கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கங்களிலும் 'சிலோன்காரங்க' என்று அழைக்கப்படும் குடும்பங்கள் இருக்கின்றன. இவர்களுடைய முன்னோர் 1820கள் முதல் இலங்கை மலையகத்துக்குக் காப்பி, பிறகு தேயிலைத் தோட்ட வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேல் அந்தத் தீவின் வருமானத்தையே சுமந்தவர்கள். 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அவர்களை எந்த நாட்டுக்கும் இல்லாதவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்கே இருக்க ஆசை என்று மனுப்போடச் சொன்னார்கள். எண்ணிக்கை மட்டும் முன்பே முடிவாகியிருந்தது.

தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பலில் வந்தவர்களுக்கு அரசு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. வந்தவர்களில் மிகப் பலர் பிறந்ததே இலங்கையில். திரும்புவதற்கு இங்கே அவர்கள் விட்டுப்போனது எதுவும் இல்லை. அவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம்தான் பின்னர் 'டான்டீ' ஆனது. கடன் கொடுக்க 1969இல் ரெப்கோ வங்கி வந்தது. தீவில் கொழுந்து பறித்த அதே கை, நீலகிரியிலும் ஆனைமலையிலும் கொழுந்து பறித்தது. அங்கே 'இந்தியாக்காரர்', இங்கே 'சிலோன்காரர்'.

தீவுத் தொடர்களின் ரசிகர்கள் தேடியது இவர்களைத்தான்: ஒரு தீவுக்கு உண்மையாகவே உரியவர்கள், ஆனால் அங்கிருந்து 'மீட்கப்பட்டவர்கள்'. எவரும் இவர்களை வைத்து ஊகம் செய்யவில்லை. இவர்களிடம் மர்மம் இல்லை, காகிதம் மட்டுமே இருந்தது. மலையகத்திலேயே தங்கி நாடற்றவர்களாக எஞ்சியவர்களுக்கு இலங்கை 2003இல்தான் சட்டம் போட்டுக் குடியுரிமை கொடுத்தது. 2023இல் 'மலையகம் 200' என்று அவர்கள் கொண்டாடியபோது, தீவுக்கு உரியவர் யார் என்ற கேள்விக்கு இருநூறு ஆண்டு உழைப்பைச் சாட்சியாக வைத்தார்கள்.

ஒருவர் எங்கே சேர்ந்தவர் என்பதைத் தீர்மானிக்க அரசுகள் தாத்தா பிறந்த ஊரைக் கேட்கின்றன. தொடர்கள் விதியைக் கேட்கின்றன. சாத்தனாரின் கேள்வி இரண்டையும்விடக் கறாரானது, நியாயமானதும்கூட. அந்தக் கணக்கில் பார்த்தால் ஒரு தீவையே ஊட்டியவர்களை எந்த ஒப்பந்தமும் அங்கிருந்து பெயர்க்க முடியாது. கூடலூரிலோ வால்பாறையிலோ ஐம்பது ஆண்டாகக் கொழுந்து கிள்ளியவர்களை இன்னமும் 'சிலோன்காரங்க' என்று தள்ளிவைக்கவும் முடியாது. சூலூர் மில்லில் இரவு ஷிப்ட் பார்க்கும் ஒடிசாக்காரருக்கும் இதே கணக்குதான். அவரைப் பார்த்து "எந்தூருங்க?" என்று கேட்கிறவர், அவர் நூற்ற நூலில் நெய்த வேட்டியைக் கட்டிக்கொண்டு நிற்கலாம். பதில் பாதி அந்த வேட்டியிலேயே இருக்கிறது.